கதிரேசன் சாரும் சந்தனம் வைத்த டிடெக்டரும்

நம் ஆலையின் பாதுகாப்பு அதிகாரி கதிரேசன் சார் இறந்த செய்தியை எனக்குச் சொன்னது பழங்காநத்தம் பஸ் நிறுத்தத்தில் கட்டியிருந்த பிளெக்ஸ். ‘பாதுகாப்பின் இமயமே, எங்களை விட்டுப் போனாயே’ என்று எழுதி, அவரைப் பத்தடி உயரத்துக்கு நிறுத்தியிருந்தார்கள். கையில் நம் அரிசி ஆலையின் மஞ்சள் நிற கேஸ் டிடெக்டர். கிட்டே போய்ப் பார்த்தேன். டிடெக்டரின் முகத்தில் சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். அடப்பாவிகளா, போயும் போயும் அந்தப் படத்தையா போட்டீர்கள்! எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

தல்லாகுளத்தில் மண்டபம் பிடித்து இரங்கல் கூட்டமும் நடத்தினீர்கள். கண் இமைக்காமல் நம்மைக் காத்தவர் என்று ஒருவர் பேசினார். கருவியைக் குழந்தையாகப் பார்த்துக்கொண்டவர் என்றார் இன்னொருவர். ஆலை மலருக்கு நாலு வார்த்தை எழுதித் தா என்று என்னிடமும் கேட்டீர்கள். செத்தவரைக் குறை சொல்லக்கூடாது என்பது தெரியும். உயிரோடு இருந்தபோது கேன்டீனில் அவருக்கு ‘ஊதல் சார்’ என்று பெயர் வைத்துச் சிரித்தவர்கள்தானே நாம் எல்லோரும்?

அந்தப் பெயர் வந்த கதையைப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். நெல் ஊறிய தண்ணீர் போய்த் தேங்கும் நிலத்தடித் தொட்டியில் விஷவாயு சேரும். ஆள் இறங்குமுன் டிடெக்டரைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கவேண்டும். அதன் முகத்தில் நாலு சிறு துளைகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சென்சார். ஒன்று ஆக்சிஜனைப் பார்க்கும், மற்ற மூன்றும் ஆளைக் கொல்லும் வாயுக்களை. கருவியை வேலைக்கு எடுக்கும் நாளெல்லாம் சோதனை வாயுவைக் கொஞ்சம் காட்டி, நாலும் வேலை செய்கின்றனவா என்று பார்க்கவேண்டும். கம்பெனி ஆள் வந்து சொல்லிக்கொடுத்தபோது ஃபிட்டரான நானும் பக்கத்தில் நின்றேன். சார் தலையாட்டிக் கேட்டுவிட்டு, அந்த ஆள் போனதும் சோதனை வாயு சிலிண்டரைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

“தெனம் தொறந்தா தீந்துரும்ப்பா. ஆடிட்டுக்குக் காட்ட வேணும்ல?” என்றார். சிலிண்டர் சீல் உடையாமலே காலாவதியானது.

பதிலுக்கு அவர் கண்டுபிடித்த வித்தைதான் ஊதல். டிடெக்டரை வாயருகே வைத்து நீளமாக ஊதுவார். விடுகிற மூச்சில் ஆக்சிஜன் குறைவு, அதனால் அது வீல் என்று கத்தும். “பாத்தீங்களா, உசுரோட இருக்கு!” என்பார். வந்த அதிகாரிகளும் பூம்பூம் மாடு போலத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். ஒருமுறை நான், “சார், ஊதுனா ஆக்சிஜன் சென்சார் ஒண்ணுதான் கத்தும். மத்த மூணு செத்துக் கெடந்தாலும் தெரியாதே” என்றேன். “நீ ஸ்பானரப் புடி. படிச்சவன் வேலைய நான் பாத்துக்கிறேன்” என்றார். அவருடைய படிப்பு அவ்வளவுதான்.

அந்த வருடம் ஆயுத பூஜையன்று மோட்டார், வண்டி, தராசு என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். டிடெக்டருக்குத் தம் கையாலேயே வைத்து, மார்பருகே பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார் சார். பிளெக்ஸில் நீங்கள் போட்ட படம் அதுதான். குழைத்த சந்தனம் நாலு துளைகளில் ஒன்றை அடைத்துக் காய்ந்துபோனது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அந்த வாயுவைப் பார்க்கும் துளை அது.

பூஜை விடுமுறை முடிந்து ஆலை திறந்த அன்று தொட்டியின் பம்ப் அடைத்துக்கொண்டது. இறங்க வந்தவன் பாண்டி, என் மனைவி ஜெயாவின் தம்பி. உசிலம்பட்டியிலிருந்து கூட்டிவந்து அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டவனே நான்தான். அவனுக்குப் பெல்ட் மாட்டிக் கயிறு கட்டச் சொன்னார் சார். அது அவருடைய கொள்கை என்று கூட்டத்தில் பேசினார்கள். கொள்கையாவது மண்ணாங்கட்டியாவது! பெல்ட்டோடு ஒரு படம் ஃபைலில் ஒட்டவேண்டும், அவ்வளவுதான். படம் எடுத்தார். டிடெக்டரை ஊதினார், கத்தியது. தொட்டிக்குள் இறக்கி எடுத்தார். ஆக்சிஜன் சரியாக இருந்தது, மற்றவை பூஜ்யம். “சுத்தமா இருக்கு, எறங்கு” என்றார்.

பாதி ஏணியில் நின்று பாண்டி மேலே பார்த்தான். “மச்சான், மொதல்ல முட்ட நாத்தம் கொடலப் புடுங்குச்சு. இப்ப ஒண்ணுமே தெரியல. காத்து நல்லாயிருச்சு போல.”

அந்த வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும், நாற்றம் தெரியாது. எனக்கு அது அப்போது தெரியாது. சாருக்குத் தெரிந்திருந்தது. முகம் வெளுத்து, “டேய், மேல ஏறு!” என்று கத்தினார். அதற்குள் பாண்டியின் கை ஏணியை விட்டுவிட்டது.

நான் தொட்டிக்குள் குதிக்க ஓடினேன். சார் பின்னாலிருந்து பாய்ந்து என்னைத் தள்ளி, என் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஆள் தொண்ணூறு கிலோ. “விடுய்யா, எம் மாப்ள சாகுறான்!” என்று முகத்தில் குத்தினேன். முன்பல் உடைந்து அவர் ரத்தம் என் சட்டையில் சொட்டியது. அசையவில்லை. “நீயும் போனா ரெண்டு பொணம்டா! ஏய், கயித்த இழுங்கடா, இழுங்க!” என்று மற்றவர்களைப் பார்த்து அலறினார். இழுத்தார்கள். உதடு நீலம் பாரித்து வெளியே வந்த பாண்டி, எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தான்.

இதோடு நிறுத்தினால் பிளெக்ஸுக்குப் பொருத்தமான கதைதான். ஆனால் விசாரணைக்கு அதிகாரி வருமுன், அலுவலக அறையில் சார் குனிந்து உட்கார்ந்து ஊக்கால் அந்தத் துளையைச் சுரண்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். கருவி நல்ல நிலையில் இருந்தது, தொழிலாளி அனுமதிக்கு முன்பே அவசரப்பட்டு இறங்கிவிட்டார் என்று அறிக்கை எழுதினார். த்தூ, என்ன மனிதர்! சாட்சி என்று போட்ட இடத்தில் கையெழுத்து யாருடையது என்று கேட்கிறீர்களா? என்னுடையதுதான். எனக்கு வேலை போய்விடும் என்ற பயம். பாண்டியை அனுப்பிவிட்டார்கள். ‘அவசரக்காரன்’ என்ற பேரோடு ஊருக்குத் திரும்பியவனை வேறு எந்த ஆலையும் எடுக்கவில்லை. இன்றும் அவன் என் வீட்டுக்கு வந்தால் நான் முகம் பார்த்துப் பேசுவதில்லை.

சாவுக்குப் போகமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன். ஜெயா விடவில்லை. “அந்தாளு எந் தம்பிக்குச் செஞ்சது துரோகந்தான், நான் மறக்கல. ஆனா அன்னைக்கு ஒங்க மேல ஒக்காரலேன்னா, இன்னைக்கு என் நெத்தியில பொட்டு இருக்குமா? போய் ஒரு மாலையப் போட்டுட்டு வாங்க” என்றாள். போட்டேன். உடைந்த பல்லை அவர் கடைசிவரை கட்டிக்கொள்ளவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

இப்போது டிடெக்டர் என் பொறுப்பில் இருக்கிறது. எடுக்கும்போதெல்லாம் சோதனை வாயு காட்டுகிறேன். ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டைப் பீரோ கதவுக்குத்தான் வைக்கிறேன். கதிரேசன் சாரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது என் நெஞ்சின் மேல் இருந்த அந்தத் தொண்ணூறு கிலோவை. எங்காவது அலறல் கேட்டு ஓடக் கால் எழும்போதெல்லாம் அது என்னை அழுத்தி நிறுத்துகிறது. ஆனால் அன்று போட்ட கையெழுத்தை இனி நான் வைத்துக்கொள்ளப்போவதில்லை. மலரில் இதையும் சேர்த்தே அச்சடியுங்கள்: பாண்டி அவசரப்படவில்லை. சார் சொன்ன பிறகுதான் இறங்கினான். துளையில் சந்தனம் இருந்தது. நான் பார்த்தேன்.