பிரஸ் மூக்கில் ஒரு சிவப்பு வளையம்

முதலில் நினைவுக்கு வருவது அந்த வளையம்தான். கைக்கு அடங்காத பருமனில், ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான நீளத்தில் ஓர் இரும்புத் துண்டு. ஒரு முனை கூம்பு, மறுமுனை தட்டை. தட்டை முனையை ஒட்டிச் செம்பில் ஒரு பட்டை. கூம்பு தொடங்கும் இடத்தில் சுற்றிலும் மங்கிய சிவப்பில் ஒரு வளையம். பழைய இரும்புக் கடையிலிருந்து போபோடி வரைக்கும் டாங்கா குதிரைவண்டியில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் நான். சலவை பான்ட்டில் துரு ஒட்டிவிடக் கூடாதே என்று அடியில் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த கவலை அவ்வளவுதான். இதை எழுதும்போதுகூடத் தொடை சில்லிட்டுப் போகிறது.

என் அண்ணியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அண்ணன் வாலாஜா பக்கத்திலிருந்து புனேவுக்கு ஒரு தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். மேலதிகாரியோடு ஒத்துப்போகாமல் வேலையை விட்டுவிட்டு, போபோடிச் சந்து ஒன்றில் தகரக் கொட்டகை பிடித்துப் பட்டறை போட்டார். பட்டறைக்குப் பின்னாலேயே இரண்டு அறைகள், அதுதான் வீடு. எனக்கு அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்ததும் நானும் அங்கே வந்து ஒட்டிக்கொண்டேன். பட்டறை வேலையில் எனக்கு எந்தச் சாமர்த்தியமும் கிடையாது. சம்மட்டிச் சத்தத்துக்கே கண்ணை மூடிக்கொள்வேன். "தம்பி, உங்களுக்குப் பேனாதான் லாயக்கு" என்று அண்ணி கேலி செய்வார். அவரோ கல்யாணமாகி வந்த சில மாதங்களிலேயே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அண்ணனுக்குச் சமமாக வேலையில் இறங்கிவிட்டவர். லாரி டிரைவர்கள் அண்ணனைத் தேடி வந்தாலும் "பாபி எங்கே?" என்று இந்தியில் அண்ணியைத்தான் கேட்பார்கள்.

அணை உடைந்து ஆறு ஊருக்குள் புகுந்த வருஷம் அது. தண்ணீர் வடிந்த பிறகு வண்டிகளும் பம்புகளும் மாவு மில்களும் சேற்றிலிருந்து வெளியே வந்தன. அவற்றின் ஷாஃப்ட்டுகள், அதாவது சுழலும் இரும்புத் தண்டுகள், பல வளைந்து கிடந்தன. புதிது வாங்க யாருக்கும் வழியில்லை. அண்ணன் அவற்றைப் பட்டடைக்கல்லில் வைத்துச் சம்மட்டியால் அடித்து நிமிர்த்திப் பார்த்தார். ஒரு வளைவு போய் மூன்று வளைவு ஆனதுதான் மிச்சம். அடித்தால் சரிவராது, அமுக்க வேண்டும் என்று கண்டுகொண்டு ஒரு பிரஸ் கட்டத் தொடங்கினார்.

கழிவு இரும்பிலேயே எல்லாம் கிடைத்தது. ஆள் உயரத்துக்கு இரண்டு கனமான இரும்புச் சட்டங்களை நிறுத்தி, மேலே குறுக்காகத் தண்டவாளத் துண்டுகளைப் போட்டு, கட்டைவிரல் தடிமன் போல்ட்டுகளால் முறுக்கினார். அடியில் பழைய லாரி ஜாக்கி ஒன்று, எண்ணெயில் வேலை செய்வது. அதன் தலையில் ஒரு பலகை. பலகையின் மேல், பள்ளம் வெட்டிய இரண்டு இரும்புக் கட்டைகள். ஷாஃப்ட்டைக் கட்டைகளின் மேல் கிடத்தி ஜாக்கியை ஏற்றினால், மேலே குறுக்குச் சட்டத்திலிருந்து தொங்கும் மூக்கு அதன் திமிலில் வந்து அமுக்கும். அந்த மூக்குதான் சரியாக அமையவில்லை. முதலில் ஒரு லாரி அச்சுத் துண்டைப் பொருத்தினார். சில நாளிலேயே அதன் முனை நசுங்கிக் காளான் குடைபோல் விரிந்துவிட்டது. அதைவிடக் கெட்டியாக ஏதாவது வேண்டும் என்று தேடியபோதுதான் பட்டாளத்துக் கழிவும் வந்து சேரும் ஒரு கடையில் இந்தத் துண்டு கண்ணில் பட்டது. அரம் போட்டால் அரம் வழுக்கியது. அண்ணனுக்கு வாயெல்லாம் பல். குறி பார்த்துப் பழகுவதற்கான வெறும் உருக்குக் குண்டு, உள்ளே முழுக்க இரும்புதான் என்று கடைக்காரர் சொன்னார். அவருக்கு மட்டும் என்ன தெரியும்.

கூம்பின் கூர்முனையைத் தட்டையாக்க அண்ணன் அதைச் சாணைக்கல்லில் பிடித்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க நின்றார். தீப்பொறி கொட்டகையின் மறுகோடி வரை பறந்தது. பொருத்தும்போது, குறுக்குச் சட்டத்தில் அதற்காக மாட்டிய குழாய்க்குள் இறங்க மாட்டேன் என்றது. சம்மட்டியால் நாலு போடு போட்டு இறக்கினார். அந்த ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமுமாக வந்த அண்ணி, சிவப்பு வளையத்தைப் பார்த்துவிட்டு, "இது பொட்டு வெச்சுக்கிட்டே நம்ம வீட்டுக்கு வந்திருக்கு பாருங்க" என்றார். மங்கியிருந்த வளையத்தின் மேலேயே குங்குமத்தைக் குழைத்துச் சுற்றிலும் தடவினார். பிறகு ஓர் எலுமிச்சம்பழத்தை மூக்குக்கு அடியில் வைத்து ஜாக்கியை ஏற்றி நசுக்கினார்கள். லாரிக்காரர்கள் சக்கரத்தில் வைத்து நசுக்குகிறார்களே, அந்த மாதிரி. அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அதே வழக்கம்தான். வளையம் மங்க மங்க அண்ணி புதுப்பித்துக்கொண்டே வந்தார்.

வேலையில் இருவருக்கும் பங்கு உண்டு. ஷாஃப்ட்டை இரண்டு முனையிலும் தாங்க விட்டு அண்ணன் மெல்லச் சுழற்றுவார். அண்ணி ஒரு சாக்குக்கட்டியை அசையாமல் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருப்பார். எங்கே புடைத்திருக்கிறதோ அங்கே மட்டும் வெள்ளைக் கோடு விழும். அந்தக் கோட்டை மூக்குக்கு நேராக வைத்து அமுக்க வேண்டும். நேராகும் வரை அமுக்கினால் போதாது; அழுத்தத்தை எடுத்ததும் இரும்பு பழைய கோணலுக்குக் கொஞ்சம் திரும்பிப் போகும். "அது கொஞ்சம் முறைச்சுக்கும். நாம இன்னும் கொஞ்சம் கூடவே அமுக்கணும்" என்பார் அண்ணி. அதனால் எல்லாம் முடிந்த பிறகும் ஜாக்கி லீவரைக் கடைசியாக ஒரு தடவை அமுக்கிவிட்டுத்தான், அழுத்தத்தை இறக்கும் எண்ணெய்த் திருகைத் திறப்பார். அந்தத் திருகு மரை தேய்ந்த திருகு. மயிரிழை கூடுதலாகத் திருப்பினால் பலகை தடாலென்று விழும். அண்ணன் கைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஆகையால் திறப்பது எப்போதும் அண்ணிதான்.

குழந்தை பிறந்தபோது தூளி எங்கே கட்டுவது என்ற கேள்வியே எழவில்லை. வீட்டுக் கூரை வெறும் மூங்கில், தகரம். கொட்டகையிலேயே பலமான பொருள் பிரஸ்தான். அதன் குறுக்குச் சட்டத்தின் நீட்டிய முனையில் அண்ணியின் பழைய புடவையைக் கட்டினார்கள். ஜாக்கி ஏறும்போது சட்டம் லேசாக முனகும். குழந்தை அதற்குத் தூங்கிப் பழகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை, அரைநாள் அலுவலகம் முடிந்து நான் வீட்டுக்குள் நுழைந்த நேரம். பக்கத்து ஊரான கட்கியில் மாவு மில் வைத்திருந்த தமிழர் ஒருவர் பட்டறையில் நின்றிருந்தார். வெடிமருந்து வேலையெல்லாம் பழகிய பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மில் ஷாஃப்ட்தான் பிரஸ்ஸில் இருந்தது. அண்ணன் லீவரை அழுத்திக்கொண்டிருந்தார், அண்ணி குனிந்து வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், தூளியில் குழந்தை. ஷாஃப்ட் எப்படி நிமிர்கிறது என்று பார்க்கச் சுபேதாரும் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. விரலால் குங்குமத்தைக் கொஞ்சம் துடைத்தார். அடியில் இருந்த பெயின்ட்டைப் பார்த்தார். குழாய்க்கு வெளியே தெரிந்த செம்புப் பட்டையைப் பார்த்தார். 

"மேஸ்திரி, லீவர்லேர்ந்து கைய எடு. மெதுவா" என்றார். குரல் உயரவே இல்லை. "அம்மா, குழந்தைய மட்டும் தூக்குங்க. தூளிய அவுக்க வேணாம், ஆட்டவும் வேணாம். இது வெறும் இரும்பு இல்ல, குண்டு. உள்ள மருந்து இருக்கு. இந்தச் சிவப்பு வளையம் போட்டிருக்கிறதே அதைச் சொல்றதுக்குத்தான்."

அண்ணன் கையை எடுத்தார். எடுத்த கை அந்தரத்திலேயே நின்றது. அண்ணி குழந்தையைத் தூக்கி நேராக வந்து என் கையில் கொடுத்தார். அவ்வளவு ஷாஃப்ட்டுகளை அந்த மூக்கால் அமுக்கியிருக்கிறோம், இந்தக் கணத்திலும் ஜாக்கியின் முழு அழுத்தமும் அதன் மேல் நிற்கிறது என்பது எனக்கு உறைக்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. உறைத்ததும் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டேன்.

"இத இப்படியே விட்டுட்டுப் போக முடியாது. அழுத்தத்த இறக்கியாகணும். நான் இறக்கறேன், எல்லாரும் போங்க" என்றார் சுபேதார்.

"அந்தத் திருகு தேஞ்சது. புது ஆளு தொட்டா தடால்னு விழுந்துடும். என் கைக்குத்தான் கேக்கும்" என்றார் அண்ணி. "நீங்க போய்ச் சந்துல இருக்கிறவங்கள விலக்குங்க. பட்டாளத்துக்காரர் சொன்னா கேப்பாங்க."

சுபேதார் அவரை ஒரு தரம் பார்த்தார். மறுத்துப் பேச நேரமில்லை என்று தோன்றியிருக்க வேண்டும், வெளியே ஓடி இந்தியில் கத்தத் தொடங்கினார். நான் குழந்தையோடு அவர் பின்னால் ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது அண்ணன் வாசலில் நின்றிருந்தார். உள்ளே போகவும் முடியவில்லை, விட்டு வரவும் முடியவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் அண்ணி முந்தானையில் கையைத் துடைத்தபடி வெளியே வந்து, அண்ணன் தோளைத் தொட்டு, "எறக்கிட்டேன், வாங்க" என்றார்.

பிறகு பட்டாளத்து லாரி வந்தது. சந்து முழுவதையும் ஆற்றங்கரைக்கு அனுப்பிவிட்டு, மணல் நிரப்பிய பெட்டியில் அதை எடுத்துப் போனார்கள். சாயங்காலம் தூரத்தில் ஒரு வெட்டவெளியில் வைத்து வெடிக்கச் செய்தார்கள். சத்தம் ஆற்றைத் தாண்டி வந்து நெஞ்சில் இடித்தது. மரத்துக் காக்கைகள் எல்லாம் எழும்பிக் கத்தின. "அதுவா?" என்று அண்ணி கேட்டார். "அதுதாம்மா" என்றார் சுபேதார். அப்போதுதான் அண்ணி அப்படியே மணலில் உட்கார்ந்தார். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, சத்தம் வராமல், உடம்பு குலுங்க அழுதார்.

அண்ணன் அதன் பிறகு வெகுநாள் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டில் கை வைத்தபடி திடீரென்று, "சாணைக்கல்லுல பிடிச்சேன்டா" என்பார். இன்னொரு நாள், "சம்மட்டியால அடிச்சேனே" என்பார். நானும் என் பங்குக்கு டாங்காவை நினைத்துக்கொள்வேன். எலுமிச்சம்பழத்தை நினைத்துக்கொள்வேன். எச்சரிக்கை அழிந்துவிடாமல் வருஷா வருஷம் நாங்களே பூசிப் பூசிக் கும்பிட்டிருக்கிறோம்! இதை யாரிடம் சொல்லி ஆறுதல் தேடுவது? சுபேதார் தம் ஷாஃப்ட்டை எடுத்துப் போக வந்தபோது, மீதி வேலையை முடிக்கலாம் என்று அண்ணன் அதைச் சுழற்றிச் சாக்குக்கட்டியைப் பிடித்தார். கோடு சுற்றிலும் ஒரே சீராக விழுந்தது. கம்பி நேர். பாதியில் நிறுத்திய வேலை எப்படி முடிந்தது என்று இருவரும் விழித்தார்கள். எல்லாம் தெய்வச் செயல் என்று சொல்லிச் சுபேதார் அதைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அண்ணி அடுக்களையில் ஏதோ வேலையாக இருந்தார்.

அண்ணனும் சுபேதாரும் இப்போது இல்லை. தூளியில் கிடந்த குழந்தை இன்று புனே பக்கம் ஆகுர்டியில் பெரிய பட்டறை வைத்து நடத்துகிறாள். அவளுடைய பிரஸ் பொத்தானை அழுத்தினால் இறங்கும். எவ்வளவு அழுத்தம் என்பதை வட்டக் கண்ணாடியில் முள் காட்டும். ஆனால் அங்கேயும் ஆயுத பூஜைக்குச் சட்டத்துக்குத்தான் குங்குமம், மூக்குக்குக் கிடையாது. அது அண்ணி போட்ட உத்தரவு. போன பூஜைக்கு நானும் போயிருந்தேன். எண்பதைத் தாண்டிய அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை காலம் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன். "அண்ணி, அன்னிக்குத் தனியா உள்ள நின்னீங்களே, பயமா இல்லையா?"

"பயம்தான்" என்றார். பிறகு என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க அண்ணன் கிட்டகூட இதச் சொன்னதில்ல, தம்பி. திருகைத் திறக்கத்தான் உள்ள போனேன். ஆனா கை பழக்கத்துல லீவருக்குப் போயிடுச்சு. எப்பவும் மாதிரி கடைசியா ஒரு அமுக்கு அமுக்கிட்டுத்தான் திறந்தேன். சுபேதாரோட ஷாஃப்ட் நேரானது அப்படித்தான்."

எதிரே அண்ணன் மகள் எலுமிச்சம்பழத்தை மூக்குக்கு அடியில் வைத்துவிட்டு, "சித்தப்பா, இந்த வருஷம் நீங்க பொத்தானை அழுத்துங்க" என்று கூப்பிட்டாள். நான் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன்.