நாற்பதடி என்று சொன்ன பத்தடி வயர்

போன வருஷம் மாசி மாதம், ஒரு புதன்கிழமை தொடங்கி சனிக்கிழமை பின்னேரம் முடிந்த கதை இது. நடந்த இடம் தொண்டைமானாற்றில் எங்கள் வீடு.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது, பள்ளிக்கூடத்தில் போய் உட்காருகிற வயது தாண்டிவிட்டது. தண்ணீர் இறைக்கிற மோட்டர்களுக்குக் கம்பி சுற்றிக் கொடுப்பது தொழில். எதற்கெடுத்தாலும் பயப்படுவது சுபாவம். அப்படிப்பட்டவன் அமெச்சூர் வானொலிப் பரீட்சை எழுதி லைசன்ஸ் எடுத்தது எனக்கே நம்ப முடியாத விஷயம். அமெச்சூர் வானொலி என்றால், போனும் இன்டர்நெட்டும் இல்லாமல், நம்முடைய சொந்த ரேடியோவில் நாமே பேசி, எங்கோ இருக்கிற இன்னொருவரை ஆகாயத்தின் வழியாகப் பிடிக்கிற பொழுதுபோக்கு. லைசன்ஸின் பிரதிக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன், யாராவது கேட்டால் காட்டலாம் என்று. இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

அன்டெனாவுக்குக் கிணற்றடித் தண்ணீர்த் தாங்கியிலிருந்து மாமரம் வரைக்கும் ஒரு செப்பு வயர் இழுத்தேன். உயரம் பத்தடி. அதற்குமேல் ஏற்ற மனம் வரவில்லை. இடி விழுமோ என்று ஒரு பயம். கூரையில் ஒரு துண்டு வயர் தெரிந்தாலே கேள்வி வந்த யுத்த காலத்தில் வளர்ந்ததால் இன்னொரு பயம். ஆனால் அந்தப் பத்தடி வயரில் கொழும்பும் கண்டியும் தமிழ்நாடும் பக்கத்து வீடு மாதிரிக் கேட்டன. தூர நாடு மட்டும் சரிவரவில்லை. தண்ணீர்க் குழாயை நேரே மேலே பிடித்தால் தண்ணீர் நம் காலடியிலேயே வந்து விழும் அல்லவா, தாழ்வாகப் பதிந்த வயரும் அப்படித்தான். அலையை நேரே மேலே அனுப்பும், அது கிட்டவே வந்து இறங்கும். ஆகாயத்தில் அறிமுகமான நண்பர்கள் என் அன்டெனாவை உடுப்புக் காயப்போடுகிற கொடி என்றுதான் சொல்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளுக்குள் வெட்கமாக இருக்கும்.

அந்த நேரத்தில்தான் வட்ஸ்அப் குழு ஒன்றில் ஓர் அக்காவின் பழக்கம் கிடைத்தது. பருத்தித்துறைக்காரி. இளம் வயதில் நோர்வேக்குப் போய் மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அவரும் காலஞ்சென்ற கணவரும் சேர்ந்து வீட்டுக்குப் பின்னால் பெரிய அன்டெனாக் கோபுரம் நட்டு, உலகத்தின் எத்தனையோ மூலைகளோடு பேசியிருக்கிறார்கள். பிறந்த மண்ணோடு மட்டும் பேசக் கிடைக்கவில்லை. இங்கே லைசன்ஸோடு ஒருவரும் இல்லாத காலம் அது. இப்போது முழங்கால் ஏலாமல் வீட்டை விற்றுவிட்டு ஒரு தொடர்மாடிக் குடியிருப்புக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை கோபுரத்தைக் கழற்ற ஆட்கள் வருகிறார்கள். அதற்கு முன்னம் ஒரு தடவை, ஒரேயொரு தடவை, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குரல் அந்தக் கோபுரத்தில் கேட்க வேண்டும். அதுதான் அவருடைய ஆசை.

எல்லாவற்றையும் கணக்குப் பார்க்கிற மனுசி. வயர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேட்டார். நான் நாற்பதடி என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. உடுப்புக் கொடி என்று அவரும் சிரித்துவிடுவாரோ என்று நினைத்தேன் போலிருக்கிறது. அவர் அந்த நாற்பதடியைக் கொம்பியூட்டரில் போட்டு, நாற்பது மீற்றர் நீள அலை, இங்கே விளக்கு வைக்கிற நேரம் என்று தீர்மானித்தார்.

புதன்கிழமை கூப்பிட்டேன். அவருடைய குரல் எனக்கு இரைச்சலுக்குள்ளே மெல்லியதாகக் கேட்டது. என் குரல் அவருக்குக் கேட்கவில்லை. வியாழக்கிழமையும் அப்படியே. வெள்ளிக்கிழமையும் அப்படியே. மூன்று நாளும் பிறகு போன் எடுத்து என்னைத்தான் ஆறுதல்படுத்தினார். பிழை தன் பக்கம்தானாம். முதல் நாள் ரேடியோவைத் திறந்து பார்த்தாராம். இரண்டாம் நாள் அந்த முழங்காலோடு பனிக்குள்ளே இறங்கிப் போய், கோபுரத்தடியில் நின்று கேபிளின் முனையை வெட்டித் திரும்பவும் ஈயம் பிடித்தாராம். வெள்ளிக்கிழமை குரல் தளர்ந்திருந்தது.

"உம்மிலை பிழை இல்லைத் தம்பி. எனக்குக் காதும் கேளாமல் போட்டுது போலை கிடக்கு."

அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. ஓம் அக்கா, நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை விடியவே வேலியோரம் நின்று பக்கத்து வளவுப் பனையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆளைப் பிடித்து வயரை அதில் நாற்பதடிக்கு ஏற்றிவிட்டால், நான் சொன்னது பொய்யில்லை என்று ஆகிவிடும். ஆனால் வளவுக்காரர் கொழும்பில். கேட்காமல் ஏற்றலாமா, ஏறுகிற ஆள் விழுந்தால் யார் பதில் சொல்வது, இதெல்லாம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. தேத்தண்ணியோடு வந்த மனைவிக்கு நான் எதை யோசிக்கிறேன் என்று தெரிந்துவிட்டது. மூன்று நாள் போன் பேச்சும் அவளுக்குக் கேட்டதுதானே.

"இஞ்சாருங்கோ, உந்தப் பனையை விடுங்கோ. அந்த மனுசி உங்கடை பொய்யை நம்பித் தன்ரை காதைச் சந்தேகப்படுது. போனை எடுத்து உள்ளதைச் சொல்லுங்கோ."

எடுத்தேன். பத்தடிதான் அக்கா என்று சொன்னேன். அக்கா சிரிக்கத் தொடங்கினார், சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அதன் பிறகு நல்ல பேச்சும் விழுந்தது. மூன்று நாள் என்னைப் பனிக்குள்ளே நிற்க வைத்தீரே, உமக்குப் பயம் என்று ஒரு சொல்லுச் சொன்னால் நான் என்ன உம்மைக் கடித்தா சாப்பிடப் போகிறேன் என்று கேட்டார். கோபம் ஆறியதும் கணக்குக்கு வந்தார்.

"உயரத்தை அடியிலை பாக்கிறேல்லைத் தம்பி, அலையோடை வைச்சுத்தான் பாக்கிறது. அலை சின்னனாய்ப் போனால் பதிஞ்ச வயரும் உயரம்தான். பத்து மீற்றர் அலைக்கு வாரும். அங்கை உம்மடை பத்தடி, நாப்பது மீற்றரிலை நாப்பதடி நிக்கிற மாதிரி."

அதற்கு அலையின் நீளத்துக்குத் தக்கபடி வயரை வெட்ட வேண்டும். நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் முப்பத்துமூன்று அடி இருந்ததை எட்டேகால் அடியாக்க வேண்டும். மனைவி தையல் நாடாவால் இரண்டு தரம் அளந்து தந்தாள். மிச்ச நீளத்துக்கு மீன்பிடிக்கிற தங்கூசி நூலைக் கட்டி இழுத்தேன். உயரத்தில் கை வைக்கவில்லை. அதே பத்தடி.

பின்னேரம் மூன்று மணி, நல்ல வெயில். அவர் கோபுரத்து அன்டெனாவை எங்கள் பக்கம் திருப்பிவிட்டுக் காத்திருந்தார். நான் லைசன்ஸில் எனக்குத் தந்த அழைப்புக்குறியை மூன்று தரம் சொல்லிவிட்டு மைக்கின் பொத்தானிலிருந்து கையை எடுத்தேன். இரைச்சல். திரும்பவும் சொன்னேன். இரைச்சல். மூன்றாம் தரம் சொல்லி முடிக்கவும், அந்த இரைச்சலை விலக்கிக்கொண்டு குரல் வந்தது.

"கேக்குது தம்பி. வடிவாக் கேக்குது."

முறைப்படி நான் அவருடைய சிக்னல் எப்படி என்று சொல்லி, என்னுடைய அன்டெனா என்ன என்றும் சொல்ல வேண்டும். உலகத்தில் யாரும் கேட்கக்கூடிய அலை அது. வயர், உயரம் பத்தடி என்று சொன்னேன். பதில் விக்கி விக்கி வந்தது, அழுகிறார் என்று எனக்கு விளங்கியது. இங்கே மனைவியும் கதவு நிலையில் சாய்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அக்கா, வெயில் எப்படி, கடல் எப்படி, செல்வச்சந்நிதிக் கோயிலில் இன்றைக்குச் சனமா என்றெல்லாம் கேட்டார். நாலைந்து நிமிஷம் பேசியிருப்போம். அலை மெல்ல மெல்ல இறங்கி, அவர் குரல் இரைச்சலுக்குள் போய்விட்டது.

அடுத்த நாள் கோபுரத்தைக் கழற்றிவிட்டார்கள். அக்கா இப்போது தொடர்மாடியில் இருக்கிறார், கிழமைக்கு ஒரு தரம் போனில் பேசுவார். அந்த மூன்று நாளைப் பற்றி ஒரு தரமும் குத்திக் காட்டியதில்லை. எனக்கு இருக்கிற பயங்களில் முக்கால்வாசி வீண் பயம், அது எனக்கே தெரியும். ஆனால் ஒருவர் என் வார்த்தையை நம்பித் தன் காதையே சந்தேகித்தார் என்று நினைக்கும்போது வருகிற இந்தப் பயத்தை மட்டும் விடாமல் வைத்திருக்கத்தான் ஆசைப்படுகிறேன்.