நோவாகாவின் தொப்பி

பத்தொன்பது வருடங்களாக லசினா தோயே ஒலிபெருக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு மோட்டார் வண்டியில் ஊர் ஊராகப் போனான். வறண்ட தூசிக்காற்று தொடங்கினால் மூளைக்காய்ச்சல் வரும். காய்ச்சலோடு கழுத்தும் வளையவில்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி: அவன் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். வெறுமனே சொன்னால் யாரும் நிற்பதில்லை. லசினா சாமோ இனத்தவன்; அந்த ஊர்கள் மோசி இனத்தாருடையவை. சாமோவும் மோசியும் எதிர்ப்பட்டால் ஒருவரையொருவர் அடிமை என்று விளையாட்டாக ஏசிக்கொள்வது தலைமுறை வழக்கம். கோபப்படக் கூடாது. அவன் ஏசிக்கொண்டே சொன்னான், கூட்டம் கூடியது. சுகாதார அலுவலகம் அதற்காகவே அவனை வைத்திருந்தது.

ஒரு நாள் கத்திக் கத்தி அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. வழியில் ஒரு ஊரில் அவனுடைய மோசி நண்பன் நோவாகா காய்ச்சலோடு பாயில் சுருண்டு கிடந்தான்.

"கழுத்த வளைடா, பாப்போம்."

"உனக்கு முன்னால தல குனியணுமா? நாய்த்தல திங்கிற சாமோப்பய!"

"வெளையாடல. வண்டில ஏறு."

"நான் அந்தப் பக்கம் போனதும் என் ஆட்ட ஓட்டிட்டுப் போவே. தெரியாதா எனக்கு?"

நோவாகாவின் மனைவி போகோவும் சிரித்தாள். லசினாவுக்கு அலுத்துவிட்டது. இன்னும் ஐந்து ஊர் பாக்கி. "சரி, கெட. உன் சாவுச் சோத்துல மொத உருண்ட எனக்குத்தான்," என்று வாய்ப்பழக்கத்தில் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

மூன்றாம் நாள் நோவாகா செத்துப்போனான்.

மோசி வீட்டுச் சாவில் சாமோக்காரன் அழக்கூடாது. செத்தவனைப் போல நடந்து, பேசி, வந்தவர்களைச் சிரிக்க வைக்க வேண்டும். போகோ கணவனின் தொப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள். லசினா அதைப் போட்டுக்கொண்டு நோவாகாவைப் போலக் காலை இழுத்து நடந்தான். சிரிப்பு எழுந்தது. அப்போதுதான், சுவரோரம் வெயிலுக்குக் கண்ணை இறுக்கிக்கொண்டிருந்த நோவாகாவின் மகளைப் பார்த்தான். ஆறு வயது தெனே. தொட்டான்; அனலாய்க் கொதித்தது. பிடரி கட்டையாய் இருந்தது.

"போகோ, புள்ளைக்குக் கழுத்து வளையல!"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"ஆட்ட விட்டுட்டு இப்ப புள்ளையவே கேக்குறான் பாரு, அடிமப்பய!"

தொப்பியைக் கழற்றினான். "சத்தியமாச் சொல்றேன்" என்றான். சிரிப்பு கூடியதுதான் மிச்சம். கேலி கலக்காமல் இந்த ஊரில் அவன் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்தான். குரல் உடைந்து அழுதான்.

"ஐயோ, சாமோ அழறானே!" என்றாள் ஒரு கிழவி. சிரிப்பு அடங்கியது. போகோ பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு ஓடிவந்து வண்டியில் ஏறினாள்.

தெனே பிழைத்தாள். காது இரண்டும் போய்விட்டன.

மறுவருடம் தூசிக்காற்று தொடங்கியதும் லசினா மறுபடி அந்த ஊருக்குப் போனான். ஒலிபெருக்கியைத் திறந்ததும் தெனே முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்து அவன் வாயையே பார்த்தாள். அவன் கையை உயர்த்தித் தன் கழுத்தைத் தொட்டு, மெல்ல வளைத்துக் காட்டினான். அவளும் வளைத்தாள். அதன் பிறகுதான் ஏச ஆரம்பித்தான்.