பச்சை நரம்பும் ஹில்டாக்காவின் தராசும்

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் லாரிகளை எடை போடும் மேடை ஒன்றில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறார் ஹில்டா மிராண்டா. நிலக்கரியோ உப்போ மரக்கட்டையோ, எது வந்தாலும் அவருடைய கண்ணாடி அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். பின்சக்கரத்தை மேடைக்கு வெளியே அரையடி விட்டு நிறுத்துகிற டிரைவர்களை உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். "அண்ணாச்சி, வண்டி இன்னும் முழுசா ஏறலயே" என்று மைக்கில் சொல்வார். அவ்வளவுதான். சத்தம் போடமாட்டார். பக்கத்துக் கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிற எனக்கு முதலில் தெரிந்தது அந்த மைக் குரல்தான்.

என் பெயர் பிரேமா. ஊர் உடன்குடி. பனங்காட்டில் பிறந்த என்னைத் தூண்டில்கம்போடு கடலோரத்தில் நிற்க வைத்தவர் ஹில்டாக்கா. அவர் கணவர் ஹென்றி, மாலத்தீவுக்குச் சரக்குத் தோணியில் போய் வருகிறவர். ஒரு பயணத்தில் தூண்டில் நரம்பைச் சுற்றும் ரீல் வைத்த கம்பு ஒன்றை வாங்கி வந்து, "நான் ஊர்ல இல்லாத ஞாயித்துக்கிழமைக்கு இது" என்று அக்காவிடம் கொடுத்திருக்கிறார். அதிலிருந்து மாதா கோயிலில் பூசை முடிந்ததும் முயல் தீவுப் பாறைகளுக்குப் போவது அக்காவுக்குப் பழக்கமாகிவிட்டது. கடலுக்குப் போய்ப் பிழைக்கிற சொந்தக்காரர்கள், ஆசைக்கு மீன் பிடிக்கிற அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டுத் தூண்டிலை வீசுவார்.

எங்களைப் போன்றவர்களுக்கு 'தென்கடல் தூண்டில்' என்று இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. பதினாறாயிரம் பேர். எந்தக் கம்பு வாங்கலாம், எந்த ரீல் துருப்பிடிக்கும், எல்லாம் அங்கே கேட்டால் தெரியும். கடைக்காரர் சொல்வதைவிடக் குழுவில் சொல்வதைத்தான் நம்புவோம். கடைக்காரருக்கு விற்க வேண்டும், சக ஆர்வலருக்கு என்ன வந்தது?

குழுவைத் தொடங்கியவர் டெரன்ஸ். தூத்துக்குடிக்காரர்தான், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. ஹில்டாக்கா சேர்ந்த முதல் நாள், 'பொம்பளைக்கு எதுக்கு ரீலு' என்று ஒருவன் எழுதினான். அதை அழித்துவிட்டு, அக்காவை வரவேற்று நாலு வரி எழுதினார் டெரன்ஸ். அந்த நாலு வரியை அக்கா ஒருநாளும் மறந்ததில்லை.

இரண்டு வருடம் முன்னால் டெரன்ஸ் அக்காவைக் குழுவின் சோதனையாளர்களில் ஒருவராக்கினார். கம்பெனி புதிதாக எதையாவது கொண்டுவந்தால் டெரன்ஸ் வழியாக அனுப்பும், பயன்படுத்திப் பார்த்து எழுத வேண்டும். முதலில் ஒரு ரீல் வந்தது. 'வழவழப்பாகச் சுற்றுகிறது, பெரிய மீனைத் தாங்குகிறது. ஆனால் கைப்பிடித் திருகு மூன்றே வாரத்தில் துருப்பிடித்துவிட்டது' என்று எழுதினார். மறுநாள் பார்த்தால் முதல் இரண்டு விஷயங்கள் இருந்தன. துருவைக் காணோம்.

"நாந்தான் சரியா சேவ் பண்ணலபோல" என்றார் என்னிடம். முதலில் தன் கையைத்தான் சந்தேகப்படுவார்.

அடுத்து வந்தது அதே கம்பெனியின் பச்சை நரம்பு. நாலு இழையாகப் பின்னியது, ஐம்பது பவுண்டு தாங்கும் என்று லேபிள். அதாவது இருபத்திரண்டு கிலோவுக்கு மேல். குழு முழுக்க ஒரே பாராட்டு. நானும் வாங்கினேன். அக்டோபரில் ஒரு பெரிய பாரை மீன் கடித்தது. கம்பு வளைந்து, மீனின் முதுகு தண்ணீரில் தெரிந்த நேரம் நரம்பு பட்டென்று அறுந்துபோனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் போட்ட முடிச்சுதான் சரியில்லை என்று நினைத்தேன்.

மீன் உதறிவிட்டுப் போய், தூண்டில் முள்ளோடு பாறைக்குள் சிக்கிக்கிடந்த நரம்புத் துண்டை இழுத்து எடுத்துப் பார்த்த அக்கா, "முடிச்சு அப்படியே இருக்கு பிரேமா. நடுவுல போயிருக்கு. பாறையில ஒரசின தடமும் இல்ல" என்றார்.

அன்று சாயங்காலமே அதைக் குழுவில் எழுதினார். வழக்கமாக அவர் எதை எழுதினாலும் நாற்பது பேராவது பதில் போடுவார்கள். இந்த முறை ஒரு வாரமாக ஒரு குரல் இல்லை.

மதியச் சாப்பாட்டுக்கு நான் எடைமேடைக்குப் போயிருந்தபோது, "நீயாவது ஒண்ணு எழுதக் கூடாதா?" என்று கேட்டார். நான் என் போனைத் திறந்து தேடினேன். அப்படி ஒரு பதிவே இல்லை. அவர் போனில் இருந்தது. இரண்டு போன்களையும் சாப்பாட்டுத் தூக்குக்குப் பக்கத்தில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தோம். ஒரே குழு, ஒரே பக்கம். அவர் எழுதியது அவர் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது.

அக்கா சோற்றை அப்படியே மூடி வைத்தார்.

அந்த ஞாயிறு பாறைகளில் நின்ற ஆறு பேரிடம் கேட்டோம். மூன்று பேர் பச்சை நரம்பு அறுந்ததைக் குழுவில் எழுதியிருந்தார்கள். ஒருவருக்கும் பதில் வரவில்லை. தன் முடிச்சுதான் மோசம் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அக்கா அங்கேயே நின்று டெரன்ஸுக்குப் போன் போட்டு, எனக்கும் கேட்கும்படி வைத்தார்.

"தம்பி, நான் எழுதினது எனக்கு மட்டும் தெரியுதே, ஏன்?"

டெரன்ஸ் சொன்னார். "அக்கா, குழு நடத்துத செலவெல்லாம் அந்தக் கம்பெனிதான் பாக்குது. பொய் எழுதுங்கன்னு நான் யாருகிட்டயும் சொன்னதில்லையே?"

"சொல்லல. உண்மையா எழுதினத மூடி வச்சிருக்க."

"நரம்பு நல்ல நரம்புதான்க்கா. ஒண்ணு ரெண்டு பேருக்கு அப்படி ஆயிருக்கும்."

"சரி. அப்ப எடை போட்டுப் பாத்துருவோம். கிறிஸ்மஸுக்கு ஊருக்கு வாரல்லா? நரம்ப நீயே கொண்டு வா. பிரிக்காத டப்பாவா இருக்கட்டும்."

அவர் வருவார் என்று நான் நம்பவில்லை. வந்தார். கிறிஸ்மஸுக்கு மறுநாள் காலையில், பிரிக்காத பச்சை நரம்பு இரண்டு சுருளோடு முயல் தீவில் வந்து நின்றார். சேதி பரவி இருபது முப்பது பேர் கூடியிருந்தார்கள். அக்கா அரசு முத்திரை வைத்த தொங்கு தராசு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். முதலில் ஐந்து கிலோ, பத்து கிலோ படிக்கற்களைத் தொங்கவிட்டு, தராசு சரியாக இருக்கிறது என்று எல்லோருக்கும் காட்டினார். முடிச்சுப் போட்டால் அந்த இடத்தில் பலம் குறையும் என்று நரம்பை வழவழப்பான குழாயில் பல சுற்றுச் சுற்றினார். கடல்தண்ணீரில் நனைத்தார். பச்சையோடு இன்னும் மூன்று கம்பெனி நரம்புகள், ஒவ்வொன்றும் ஐந்து முறை.

பச்சை முதல் தடவை பன்னிரண்டே முக்கால் கிலோவில் அறுந்தது. அடுத்தது பதிமூன்று. அடுத்தது பன்னிரண்டரை. நாலாவதும் பதிமூன்றைத் தாண்டவில்லை. ஐந்தாவதை டெரன்ஸே இழுத்தார். மெதுவாக, மிக மெதுவாக இழுத்தார். பதிமூன்றுக்குக் கொஞ்சம் முன்னால் அறுந்தது. குழுவில் எல்லோரும் மட்டம் என்று ஒதுக்கிய பழைய சாம்பல் நிற நரம்பு இருபத்தொன்று வரை நின்றது. கறுப்பு நரம்பு ஒன்று பதினாலில் அறுந்தது; ஐம்பது பவுண்டுக்கு அதுவும் மோசம் என்று அக்கா குறித்துக்கொண்டார்.

கூட்டத்தில் ஒருவர் கத்தினார். "அக்கா, அவனுவ ரீலையும் சேத்து நாறடிங்க!"

"எதுக்கு? ரீல் நல்லா இருக்கு. திருகு மட்டுந்தான் மோசம். ரெண்டையும் எழுதுவேன்" என்றார் அக்கா, தாளில் எண்களைக் குறித்தபடியே.

அந்த நிமிஷத்தில் அவர் பக்கத்தில் நின்றதே எனக்குப் பெருமையாக இருந்தது.

டெரன்ஸ் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் கலைந்த பிறகு அக்கா அவருக்குப் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். "இத நான் ஒரு தடவகூட கடல்ல வீசிப் பாத்ததில்லக்கா" என்றார் டெரன்ஸ். "நேரமே இல்ல. அனுப்புவாங்க, போடுவேன். யாராவது கொற சொன்னா ஒரு பட்டன் இருக்கு, அமுக்குவேன்."

"இப்ப அந்தப் பட்டன திருப்பி அமுக்கு" என்றார் அக்கா.

இரண்டு நாளில் அமுக்கினார். மறைந்திருந்த எண்பத்துமூன்று பதிவுகள் வெளியே வந்தன. துருப்பிடித்த திருகும் வந்தது. கம்பெனியோடு தனக்கு இருந்த ஏற்பாட்டையும் டெரன்ஸ் ஒளிக்காமல் எழுதினார். இலவசமாக வாங்கிய பொருளைப் பற்றி எழுதுகிறவர் அதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும் என்று புது விதி வந்தது. கம்பெனி ஒதுங்கிக்கொண்டது. மூவாயிரம் பேர் குழுவை விட்டுப் போனார்கள். டெரன்ஸை வாய்க்கு வந்தபடி திட்டியவர்களும் உண்டு. அவர்களுக்கு அக்கா எழுதிய பதில் இது: 'தராசுக்கு முன்னால் வந்து நின்றவர். வராமலே ஒளிந்திருக்கலாம், ஆனால் வந்தார்.' அதன்பிறகு திட்டு குறைந்தது.

குழுவின் பொறுப்பை எடுத்துக்கொள்ளச் சொல்லி எல்லோரும் கேட்டபோது அக்கா மறுத்துவிட்டார். வேலை இருக்கிறது, பேத்தி பிறந்திருக்கிறாள் என்றார். ஆனால் மாதம் ஒருமுறை ஏதாவது ஒன்றைத் தராசில் தொங்கவிட்டு எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை. ராமேஸ்வரத்திலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் நரம்பு அனுப்பி எடை போட்டுக் கேட்கிறார்கள்.

போன மாதம் சாத்தான்குளத்திலிருந்து இசக்கியப்பன் என்ற உறுப்பினர் ஒரு பதிவு போட்டார். அன்று முயல் தீவில் சோதித்த கறுப்பு நரம்பு ஐம்பது பவுண்டு இல்லை, முப்பதுதான், அதற்கு அது நன்றாகவே தாங்கியிருக்கிறது, அக்கா மோசம் என்று எழுதியது தப்பு என்றார். அக்கா பழைய சுருளைத் தேடி எடுத்துப் பார்த்தார். விலைச் சீட்டு ஒட்டியதில் லேபிளின் பாதி மறைந்திருந்தது. உரித்தால், முப்பது.

நான் சொன்னேன். "அக்கா, சத்தமில்லாம அந்த ஒரு வரிய மாத்திரலாம். யாரு பாக்கப்போறா?"

"ஏளா, டெரன்ஸும் இப்படித்தான ஆரம்பிச்சிருப்பான்" என்றார்.

பழைய வரியை அழிக்காமல் அப்படியே விட்டார். அதற்கு மேலே, பக்கத்தைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில், பெரிய எழுத்தில் எழுதினார்: 'கறுப்பு நரம்பைப் பற்றி நான் எழுதியது தவறு. லேபிளை முழுதாகப் படிக்கவில்லை. கண்டுபிடித்தவர் இசக்கியப்பன். அந்தக் கம்பெனியிடமும், என்னை நம்பி அதை வாங்காமல் விட்டவர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.' கீழே முழுப் பெயர் போட்டார். ஹில்டா மிராண்டா, எடைமேடை, துறைமுகச் சாலை, தூத்துக்குடி.

பிறகு மைக்கை எடுத்து, வெளியே நின்ற உப்பு லாரியை மேடைக்குக் கூப்பிட்டார்.