ஒற்றைத் தோட்டாத் துவக்கும் ஒரு மன்னிப்பும்

"ஒக்டோபர், இரண்டாம் சனிக்கிழமை. மேற்குப் பக்கம், நான்காம் நிலை. பெண்மான் ஒன்று, வயிற்றில் காயம். நாயைக் கொண்டு தேடி எடுக்கப்பட்டது. சுட்டவர்:" இதற்குப் பிறகு என் பெயர்.

டேனிஷில் எழுதிய அந்தப் பக்கத்தின் படம் போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு என் தொலைபேசிக்கு வந்தது. அனுப்பியவர் ப்ரெபென், எங்கள் வேட்டைக் குழுவின் தலைவராக இருந்தவர். வீட்டைத் துப்புரவாக்கும்போது பழைய வேட்டைக் குறிப்பேடு அகப்பட்டதாம். படத்துக்குக் கீழே "நல்ல காலங்கள்" என்று எழுதி ஒரு சிரிக்கும் முகமும் போட்டிருந்தார்.

நான் சிரிக்கவில்லை. தேத்தண்ணி ஆறிப்போகும்வரை அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் திகதிகளைக் குறித்து வைக்கிற ஆள். எந்த நாள் முதல் பனி விழுந்தது, எந்த நாள் காருக்குக் குளிர்கால ரயர் மாற்றினேன், யார் வீட்டு விசேஷத்துக்கு எத்தனை மணிக்குப் போனோம், எத்தனை மணிக்குச் சாப்பாடு போட்டார்கள் என்பதெல்லாம் என் கொப்பிகளில் இருக்கிறது. இதற்காக வீட்டில் நான் வாங்கும் பகிடிகளைத் தனியாக ஒரு கொப்பியில் எழுதலாம். ஆனால் எழுதப்பட்டது பிழையாக இருந்தால் எனக்கு உடம்பு கொதிக்கும். அந்த வரியில் நாள் சரி, நிலை சரி, காயம் சரி. பெயர் சரியா என்று எனக்கே தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல மையால் எழுதி, இப்போது அதை நினைவுப் பரிசாகவும் அனுப்புகிறார்கள்.

எழுந்துபோய்த் துவக்கு வைத்திருக்கும் இரும்பு அலமாரியைத் திறந்தேன். துவக்கைப் பார்த்தால் கோபம் ஆறும் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்வது? எண்ணெய் மணம் முகத்தில் அடித்தது. அந்த மணத்துக்கு எனக்குக் காடு ஞாபகம் வருவதில்லை. டென்மார்க்கில் ஹேர்னிங் என்ற ஊரில் நான் முதலில் வேலை செய்த பின்னல் தொழிற்சாலைதான் வரும்.

எண்பதுகளின் கடைசி அது. வரிசையாக நிற்கும் பின்னல் இயந்திரங்களுக்கும் அதே மாதிரி மெல்லிய எண்ணெய்தான். எங்கள் பகுதியில் ஏழு தமிழர். எங்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது: நூல் அறுந்தாலும் துணியில் ஓட்டை விழுந்தாலும், பிழை யாருடையதாக இருந்தாலும், முதலில் "உன்ஸ்கூல்" சொல்லிவிட வேண்டும். டேனிஷில் மன்னியுங்கள். விசா முடிவாகாத காலம். பிழை யாரில் என்று தேடப்போனால் சத்தம் வரும், சத்தம் வந்தால் எங்களைப் பார்ப்பார்கள். மன்னிப்புக் கேட்டால் டேனிஷ்காரர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களுக்கு அது தும்மலுக்குச் சொல்லும் சொல்லைப்போல. எங்களுக்கு அது குடை.

ப்ரெபென் அந்தத் தொழிற்சாலையின் மெக்கானிக். இலையுதிர் காலத்தில் தன் நண்பர்களோடு சில்க்போர்க் பக்கத்துக் காடொன்றில் வேட்டைக்குப் போவார். மான்களைக் கலைத்து வெளியே விட ஆட்கள் வேண்டும் என்று என்னையும் செல்வண்ணையையும் கூட்டிக்கொண்டு போனார். செல்வண்ணை எனக்கு இரண்டு வயது மூத்தவர், அடுத்த இயந்திரத்தில் நின்றவர். ஆளுக்கொரு தடி, செம்மஞ்சள் மேலங்கி. மரங்களில் தட்டிக்கொண்டு வரிசையாக நடக்க வேண்டும். துவக்கோடு நிற்பவர்கள் காட்டின் மறுபக்கத்தில் இலக்கமிட்ட இடங்களில் நிற்பார்கள், அந்த இடங்களுக்குத்தான் நிலை என்று பெயர். எல்லாரும் டேனிஷில் கூவ, செல்வண்ணை மட்டும் தமிழில் மரங்களைக் கூப்பிடுவார்.

"வா ராசா, வெளியில வா. பயப்பிடாத, இவங்களுக்குக் குறி தெரியாது."

பிறகு என் பக்கம் திரும்பி, "அங்க ஊரில எங்களைக் கலைச்சவங்கள். இஞ்ச நாங்கள் மானைக் கலைக்கிறம். பதவி உயர்வுதான், என்ன?" என்பார்.

வேட்டை முடிந்ததும் மஞ்சள் பட்டாணி சூப் தருவார்கள். அது எனக்குப் பிடிக்கும். இப்போது அந்த வாசனை வந்தாலும் பல்லைக் கடிக்கிறேன்.

தடியோடு எத்தனை இலையுதிர் காலம் நடந்தேன் என்பது என் கொப்பியில் இருக்கிறது. பிள்ளைகள் வளர்ந்தபின், ஐம்பதைத் தாண்டிய வயதில், வேட்டை அனுமதிக்குப் படித்துப் பரீட்சை எழுதினேன், றைபிள் சோதனையும் சுட்டுச் சித்தியடைந்தேன். ப்ரெபென் என்னைக் குழுவில் சேர்த்தார். அதை நான் மறைக்கவில்லை. முதல் கதவைத் திறந்தவர் அவர்தான்.

துவக்கு வாங்கும் கதையை வீட்டில் எடுத்தபோது மனைவி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"வெடிச் சத்தத்துக்குத்தானே ஓடி வந்தனாங்கள். இப்ப அதைக் காசு குடுத்து வீட்டுக்க கொண்டரப் போறியளோ?"

"இது ஒருக்காத்தான் வெடிக்கும். திருப்பித் தோட்டா போட்டால்தான் மற்ற வெடி."

"மனிசனைச் சாக்காட்ட ஒண்டு போதாதோ?"

ஆனாலும் நான் தேடியது ஒற்றைத் தோட்டாத் துவக்கைத்தான். ப்ரெபெனின் ஆலோசனை வேறு: "என்னுடையதைப்போல ஒன்று வாங்கு. ஆறரை மில்லிமீற்றர், பூட்டை இழுத்து அடுத்தடுத்துச் சுடலாம். இந்த நாட்டில் பாதிப் பேரிடம் அதுதான் இருக்கிறது." ஒற்றைத் தோட்டாத் துவக்கு நடுவில் முறிந்து திறக்கும். திறந்து கையில் தொங்கவிட்டால் உள்ளே ஒன்றுமில்லை என்பது தூரத்தில் நிற்பவருக்கும் தெரியும். கறுத்த மனிதன் ஒருவன் துவக்கோடு காட்டுப் பாதையில் நடக்கும்போது அது சின்ன விஷயமில்லை. கடைக்காரரிடம் இதைச் சொல்லவில்லை. "பாரம் குறைவு, நீளம் குறைவு" என்றேன். அதுவும் உண்மைதான்.

தோட்டாதான் என்னை ஏழு மாதம் அலைக்கழித்தது. முறிந்து திறக்கும் துவக்குக்கு அடியில் விளிம்பு வைத்த தோட்டா நல்லது. வெடித்து முடிந்த வெற்றுக் கோதை வெளியே தள்ளும் கொக்கிக்கு அந்த விளிம்பில் பிடி கிடைக்கும். அதுவரை எனக்குக் குழப்பம் இல்லை. எந்த விட்டம் என்பதில்தான் கொப்பி நிரம்பியது. அந்த வருடம் ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து டென்மார்க்கில் வேட்டை றைபிளுக்கு ஈயச் சன்னம் தடை, தோட்டாவிலிருந்து பறந்துபோய்ப் படும் குண்டு ஈயமாக இருக்கக் கூடாது. இனிச் செம்புதான். செம்பு ஈயத்தைவிட இலேசு. அதே எடை வேண்டுமென்றால் சன்னம் நீள வேண்டும், மெல்லிய குழலில் அதற்கு எல்லை உண்டு. எங்கள் காட்டுக்கோ சிறுமான்களோடு பெரிய செம்மான்களும் வந்துபோகும், பெரியதற்குச் சட்டம் கூடிய சக்தி கேட்கிறது. அதனால் ஆறரையை விட்டேன். ஒன்பது தசம் மூன்றை இரவல் வாங்கிச் சுட்டுப் பார்த்தேன். நான் அறுபத்திரண்டு கிலோ, துவக்கும் இலேசு. மூன்றாவது வெடியில் தோள் நீலம் பாய்ந்தது. மனைவி தைலம் பூசிக்கொண்டே, "மான் தப்பிட்டுது, ஆளுக்குத்தான் காயம்" என்றாள். கடைசியில் இரண்டுக்கும் நடுவே எட்டு மில்லிமீற்றர், விளிம்புத் தோட்டா, செம்புச் சன்னம். ஈயத் தோட்டா ஒன்றைக்கூட நான் என் வாழ்நாளில் வாங்கியதில்லை. இதை ஞாபகம் வைத்திருங்கள்.

குழுவில் சிரித்தார்கள். "ஒன்றோடு வருகிறாய், மான் காத்து நிற்குமா?" என்றார் ஒருவர். நானும் கூடச் சிரித்தேன். அதுவும் தொழிற்சாலைப் பழக்கம்தான்.

குறிப்பேட்டில் உள்ள அந்த ஒக்டோபர் சனிக்கிழமை எனக்கு நான்காம் நிலை, எனக்கு இடப்பக்கம் ஐந்தாம் நிலையில் ப்ரெபென். காலை ஒன்பது இருபதுக்குப் பெண்மான் ஒன்று மரங்களுக்குள்ளிருந்து வெளியே வந்து எங்கள் இருவருக்கும் முன்னால் நின்றது. முன்னங்காலுக்குப் பின்னால் குறிவைத்துச் சுட்டேன். என் வெடியோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு வெடி. இரண்டும் ஒன்றுபோலக் கேட்டன. மான் முதுகைக் கூனிக்கொண்டு காட்டுக்குள் ஓடியது. வயிற்றில் பட்ட மான் அப்படித்தான் ஓடும் என்று படித்திருக்கிறேன். இடப்பக்கம் பார்த்தேன். ப்ரெபென் பூட்டை இழுத்து, விழுந்த கோதைக் குனிந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். கண்ணால் கண்டேன்.

வேட்டை நின்றதும் என்னிடம் நடந்து வந்தார். மற்றவர்களும் வந்தார்கள்.

"யார் சுட்டது?" என்று கேட்டார் ஒருவர்.

என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது. "உன்ஸ்கூல்" என்றேன்.

அவ்வளவுதான். ப்ரெபெனின் தோள்கள் இறங்கியதைப் பார்த்தேன். "யாருக்கும் நடக்கும்" என்று என் முதுகில் தட்டினார். "நானும் சுட்டேன்" என்று அவர் சொல்வார் எனக் காத்திருந்தேன். ஒரு நிமிடம், ஐந்து நிமிடம். காயம்பட்ட மானைத் தேட, மோப்ப நாய் வைத்திருக்கும் நாய்க்காரியைக் கூப்பிட்டுவிட்டு வானிலை பற்றிக் கதைத்தார். மன்னிப்புக் கேட்டவன் பிறகு வாய் திறந்து, "நீரும்தான் சுட்டீர்" என்றால் அது நழுவல் ஆகிவிடும். துவக்கைத் திறந்து கையில் தொங்கவிட்டேன். இன்றைக்கும் எனக்கு அவர் மேல் வரும் கோபத்தைவிட அந்த ஐந்து நிமிடத்தின் மேல் வரும் கோபம் பெரிது.

நாய்க்காரி அறுபது வயதுப் பெண், கொஞ்சம் நொண்டி நடப்பார், நாயோடு மட்டும் நிறையக் கதைப்பார். எங்களில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனார். ஒருவன் நான். இரண்டு மணித்தியாலம் கழித்து மான் அகப்பட்டது, இன்னும் உயிரோடு. அதன் மூச்சுச் சத்தத்தை நான் கொப்பியில் எழுதவில்லை. அவர் அதை முடித்தார். உடம்பில் ஒரே ஒரு காயம். மறுபக்கத் தோலுக்கு அடியில் சன்னம் நின்றிருந்தது. கத்தியால் எடுத்து, உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, மேலங்கிப் பையில் போட்டார். முழுக்க இரத்தம். எனக்கு நிறம் தெரியவில்லை. செம்பு சிவப்பு, ஈயம் சாம்பல், கழுவினால் ஒரு பார்வையில் தெரியும். நான் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை செய்தவன். அந்த இடத்தில் கேட்டிருந்தால் விட்டத்தையும் அளந்து சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

இனிச் சொல்லப்போவது சந்தேகம், சாட்சியம் இல்லை. அதே வருடம் ஒகஸ்டில் ப்ரெபெனின் காரின் பின்பெட்டிக்குள் பழைய ஈயத் தோட்டாப் பெட்டியொன்றைக் கண்டேன். "எறிய மனமில்லை" என்றார். ஒக்டோபரில் அதிலிருந்துதான் போட்டாரா என்று எனக்குத் தெரியாது. போட்டிருந்தால், ஒரு சன்னம் போதும், அவர் துவக்கு அனுமதிக்கே ஆபத்து.

மாலையில் சூப் மேசையில் ப்ரெபென் குறிப்பேட்டை எழுதி வாசித்தார். என் பெயர் வந்தபோது, "எங்கள் நண்பரின் ஒற்றைத் தோட்டா இடம் தவறிவிட்டது" என்று பகிடி விட்டார். எல்லாரும் சிரித்தார்கள். ஆண்டுக் கூட்டத்தில் பண்பாகச் சொன்னார்கள்: அடுத்த பருவத்துக்கு நான் துவக்கு இல்லாமல் வரலாம், மான் கலைக்க ஆள் எப்போதும் தேவை, நான் அதில் கெட்டிக்காரன். முப்பது வருடத்துக்கு முந்திய தடியைத் திரும்பவும் என் கையில் தந்தார்கள். நான் நன்றி சொல்லிவிட்டு எழும்பி வந்தேன். பிறகு அந்தக் காட்டுக்குப் போகவில்லை.

செல்வண்ணைக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"நீ ஏன்ரா முதல் மன்னிப்புக் கேட்டனி?"

"நாங்கள் எல்லாரும் அப்படித்தானே அண்ணை, ஹேர்னிங்கில."

"அது நூல் அறுந்ததுக்கடா. இது மான்."

"வாய் பழகிப்போச்சு."

"ஓம். எனக்கும்தான்" என்றார். "போன கிழமை ஒருத்தன் தன்ர காரைக் கொண்டுவந்து என்ர காரில இடிச்சவன். இறங்கி நான்தான் உன்ஸ்கூல் சொன்னனான்."

இருவரும் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் எனக்கு இன்னும் கோபம் கூடியது.

ப்ரெபெனின் படம் வந்த அன்று மாலையே அந்தப் பக்கம் காரில் போனேன். குழு இப்போது இல்லை. வேட்டைக் குத்தகை முடிய, காட்டின் சொந்தக்காரர் நிலத்தை விற்றுவிட்டார். மேற்குப் பக்க மரங்களை வெட்டிவிட்டார்கள். நான்காம் நிலையும் ஐந்தாம் நிலையும் இருந்த இடத்தில் கம்பி வேலிக்குள் சூரியத் தகடுகள் வரிசையாக நிற்கின்றன. எங்கே நின்று சுட்டேன் என்று காலடியால் அளந்து பார்க்கவும் வழியில்லை. பின்னல் தொழிற்சாலை அதற்கு முன்பே போய்விட்டது, இயந்திரங்களைக் கப்பலில் ஏற்றினார்கள்.

நாய்க்காரியின் தொலைபேசி இலக்கம் என்னிடம் இருந்தது. அடுத்த நாள் அவருக்கு அழைப்பு எடுத்தேன். ஞாபகம் இருக்கிறது என்றார். நாய் போன குளிர்காலத்தில் செத்துவிட்டதாம், அதைப் பற்றித்தான் முதலில் நெடுநேரம் சொன்னார். சன்னத்தைப் பற்றிக் கேட்டேன். கழுவிப் பார்த்ததாக ஞாபகம் இல்லை, அந்த மேலங்கியைப் பழைய உடுப்புக் கடைக்குக் கொடுத்துவிட்டேன், பைகளைத் தட்டினேனா தெரியாது என்றார்.

"ஏன் கேட்கிறீர்கள்? அன்றைக்கே நீங்கள்தான் சுட்டதென்று சொன்னீர்களே."

"நான் மன்னிப்புத்தான் கேட்டேன்" என்றேன்.

அவருக்கு வித்தியாசம் விளங்கியதா என்று தெரியவில்லை. ப்ரெபெனுக்கு இரண்டு வரி எழுதினேன்: அன்று நீங்களும் சுட்டீர்கள், கோதை எடுத்ததைக் கண்டேன், எந்தத் தோட்டா போட்டிருந்தீர்கள்? இதை எழுதும் இன்று ஞாயிற்றுக்கிழமை. வாசித்துவிட்டார் என்று தொலைபேசி காட்டுகிறது. பதில் இல்லை. அந்த மானின் தோலுக்கடியில் நின்றது செம்பா ஈயமா என்பது இதுவரை உறுதிப்படுத்தப்படவில்லை. அது என்னுடையதாகவும் இருக்கலாம்.