வல்வனேரா வாய் திறக்காத மாலை

வல்வனேராவுக்கு வயது அறுபத்தொன்று. பதினாறு வருஷமாக ஸ்பெயினின் லொக்ரோன்யோ ஊரில், வாரத்துக்கு நான்கு மாலை, வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு லாவ்ரெல் தெருவின் மதுக்கடைகளைச் சுற்றி வருகிறாள். கடைக்கு ஒரு சின்னக் கிளாஸ் வைன், ஒரு வாய்த் தீனி, கொஞ்சம் சரித்திரம். அந்தத் தெருவில் ஒவ்வொரு கடையும் ஒரே ஒரு பண்டத்துக்குப் பேர்போனது. காளான் கடையில் போய் இறைச்சி கேட்டால் கடைக்காரன் பதில்கூடச் சொல்லமாட்டான். எதிர்க்கடையைக் கையால் காட்டுவான்.

அதற்கு முன் இருபது வருஷம் குடைமிளகாயைச் சுட்டு டப்பாவில் அடைக்கும் ஆலையில் நின்றே வேலை பார்த்தவள். இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தித்தான் தொண்டை கெட்டது என்பது அவள் கட்சி. மீதியைத் தெரு கெடுத்தது. சனிக்கிழமை மாலை லாவ்ரெல் தெருவில் பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்கவே தொண்டை கிழியக் கத்தவேண்டும். கடைசியில் குரல்நாணில் இரண்டு முடிச்சு. செப்டம்பர் தொடக்கத்தில் டாக்டர் அவற்றை எடுத்துவிட்டார்.

"பன்னெண்டு நாள் ஒரு வார்த்தை கூடாது. கிசுகிசுன்னும் பேசக்கூடாது, அது இன்னும் கெடுதல்," என்றார்.

பேசினால் என்ன ஆகும் என்று வல்வனேரா எழுதிக் காட்டினாள்.

"புண்ணு சரியா ஆறாது. இந்தக் கரகரப்பு ஆயுசுக்கும் நிக்கும். அப்புறம் வழிகாட்டி வேலைய மறந்துட வேண்டியதுதான்."

இப்படிச் சொல்லி அனுப்பும் நோயாளிகளில் பாதிப் பேர் வீட்டுக்குப் போன அன்றே தொலைபேசியில் "நான் பேசக் கூடாதாம்" என்று பேசிக்கொண்டிருப்பார்கள். வல்வனேரா தொலைபேசியைப் பிடுங்கி அலமாரியில் வைத்தாள். பத்து நிமிஷத்துக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். புளிப்பையும் காரத்தையும் தொடவில்லை. தலையணை இரண்டு வைத்து, தலையைத் தூக்கியே படுத்தாள். கனைக்க வந்தபோதெல்லாம் கனைக்காமல் எச்சில் விழுங்கினாள். அதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

ஒன்பதாம் நாள் திராட்சை அறுவடைத் திருவிழாவின் சனிக்கிழமை. பன்னிரண்டு பேர் பதிவு செய்திருந்தார்கள். போன சனிக்கிழமையே அவள் வரவில்லை. இந்த வாரமும் வராவிட்டால், அந்த மாலை நேரத்தை, காதில் கருவியை மாட்டிவிட்டு ஒலிப்பதிவு ஓட்டும் ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவதாக வழிகாட்டிகள் சங்கம் எழுதியிருந்தது.

காலையில் கஸில்தா வந்தாள். ஆலிவும் மிளகாயும் குச்சியில் கோத்துக் கொடுக்கும் கடைக்காரி.

"நீ வந்து முன்னாடி நட, போதும். பேசறத நாங்க பாத்துக்கறோம். பதினாறு வருஷமா ஒரே கதை. என் கடை ஊறுகாய்க்கே மனப்பாடம்!"

வல்வனேரா தலையை ஆட்டினாள்.

மாலை ஏழு மணிக்கு, சிவப்புக் குடையை உயர்த்திப் பிடித்தபடி சந்தை முனையில் நின்றாள். வந்தவர்களிடம் ஒரு அட்டையைக் கொடுத்தாள்: "தொண்டையில் அறுவை சிகிச்சை. பேசினால் குரல் போய்விடும். கதையைக் கடைக்காரர்கள் சொல்வார்கள்." பன்னிரண்டு பேரும் படித்துவிட்டு, தாங்களும் பேசக்கூடாது என்பதுபோல மெல்ல நடந்தார்கள்.

கஸில்தாவின் கடையில் எல்லாம் நன்றாக நடந்தது. சந்தியாகோ தேவாலயத்துக்கு நடந்துபோகும் யாத்திரிகர்களைப் பற்றி வல்வனேரா பத்து நிமிஷம் சொல்வதை அவள் மூன்றே நிமிஷத்தில் சொல்லி முடித்தாள். அதில் பாதி அவர்கள் கால் கொப்புளங்களைப் பற்றி. பண்டம் எத்தனை வேண்டும் என்பதை வல்வனேரா விரலால் காட்டித்தான் கேட்பாள். அந்தச் சத்தத்தில் பதினாறு வருஷமும் அப்படித்தான். அதனால் தீனிக்கும் வைனுக்கும் குறைவில்லை.

அடுத்தது எலாதியோவின் காளான் கடை. மூன்று காளானை அடுக்கி, மேலே ஒரு இறாலைக் குத்தி, கீழே ரொட்டித் துண்டு. எலாதியோவின் பங்குக்கு வந்த கதை, ஆயிரத்து ஐந்நூற்று இருபத்தொன்றாம் வருஷம் அந்த ஊருக்கு நேர்ந்த முற்றுகை. சட்டியிலிருந்து கரண்டியை எடுத்து வாள்போலப் பிடித்துக்கொண்டான்.

"வெளில பிரெஞ்சுப் படை, முப்பதாயிரம் பேர்! உள்ள நம்மாளுங்க ஒரு கைப்பிடி. பதினேழு நாளு! ராத்திரில மதில் விட்டு இறங்கி எப்ரோ ஆத்துல மீன் புடிச்சுத் தின்னே உயிரோட இருந்தாங்க. கடைசில பிரெஞ்சுக்காரன் ஓடினான். கூட வந்த நவார்ராக்காரன் அவனுக்கு முன்னாடி ஓடினான்!"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் சிரிக்கவில்லை. சத்துர்னினோ, பக்கத்து மாகாணமான நவார்ராவின் பம்ப்லோனாவிலிருந்து மனைவியோடு வந்திருந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்.

"யாருய்யா ஓடினது? அதுக்கு ஒம்போது வருஷம் முன்னாடி எங்க ராஜ்யத்தப் புடுங்கினது யாரு, உங்க ராஜாதானே? அத திருப்பிக் கேக்க வந்தோம்."

"கேக்க வந்தவன் பீரங்கியோடவா வருவான்?"

"எடுத்தவன் மட்டும் பூங்கொத்தோடவா வந்தான்?"

"என் கடைல நின்னு, என் காளானத் தின்னுக்கிட்டு..."

"உன் காளான்ல உப்பு ஜாஸ்தி!"

ராஜ்யத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் எலாதியோ பொறுப்பான். இது வேறு. கையை நீட்டி அவருடைய தட்டை இழுத்தான். சத்துர்னினோ விடவில்லை. கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. சரகோசாவிலிருந்து வந்த இருவர் மேலங்கியை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தார்கள்.

இதுபோல வருஷத்துக்கு ஒன்றிரண்டு நடக்கும். அதற்கென்று வல்வனேராவிடம் ஒரே ஒரு வாக்கியம் உண்டு; சொன்னால் இரண்டு தரப்பும் சிரித்துவிடும். அது நாக்கு நுனியில் வந்து நின்றது. இந்த இருவர் போனால் மற்றவர்களும் போவார்கள். அவள் மூச்சை இழுத்தாள். வாய் திறந்தது.

அதை முதலில் பார்த்தது ஆசிரியரின் மனைவி மாய்தே.

"ஐயோ, அவங்க பேசப் போறாங்க! சத்துர், நிறுத்துங்க!"

எலாதியோ கரண்டியைக் கீழே போட்டான். "அக்கா! வாய மூடுங்க! சொல்லிட்டேன், மூடுங்க!"

சத்துர்னினோவின் முகம் சிவந்தது. தட்டை விட்டுவிட்டார். "வேண்டாம்மா. எங்க ரெண்டு பேர் வம்புக்கு உங்க தொண்டைய விலையாக் குடுக்காதீங்க."

"நாப்பது வருஷமா நான் சொல்லி அடங்காத வாய்," என்றாள் மாய்தே. "இன்னிக்குப் பேசாத ஒருத்தங்க அடக்கிட்டாங்க."

வல்வனேரா வாயை மூடினாள். இழுத்த மூச்சை மூக்கு வழியாக விட்டாள். தண்ணீர் குடித்தாள். பிறகு கையிலிருந்த சிவப்புக் குடையை சத்துர்னினோவிடம் நீட்டினாள். பதினாறு வருஷத்தில் அதை அவள் யார் கையிலும் கொடுத்ததில்லை.

"நானா?"

அவள் தெருவைக் காட்டினாள், அதன் கோடியில் இருந்த பழைய மதிலைக் காட்டினாள், பிறகு அவர் வாயைக் காட்டினாள்.

"அவர்கிட்டயா?" என்று எலாதியோ அலறினான். "அவர் நம்மளத் தோக்கடிச்சிருவாரு அக்கா!"

அவள் எலாதியோவைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினாள்: ஆசிரியருக்கு இன்னொரு தட்டு. பிறகு உப்புப் பாத்திரத்தைக் கையால் மறைத்தாள். எலாதியோ முணுமுணுத்துக்கொண்டே வறுத்தான்.

மதிலடியில் சத்துர்னினோ குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, வகுப்பில் நிற்பதுபோல நின்று சொன்னார். அவர் சொன்னது வெளியே நின்றவர்களின் கதை. பறிபோன ஊருக்குத் திரும்ப ஆசைப்பட்டுப் பிரெஞ்சுக்காரனோடு சேர்ந்தவர்கள். ஈரத் தரையில் படுத்து வயிற்றுப்போக்கில் சுருண்டவர்கள். மதிலுக்குள்ளிருந்து மீன் வறுக்கும் வாசனை வந்தபோது பசித்துக் கிடந்தவர்கள். சரகோசாக்காரர்கள் மேலங்கியைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு கேட்டார்கள். எலாதியோ சட்டியை மனைவியிடம் விட்டுவிட்டு, ஏப்ரனோடு வந்து பின்னால் நின்றான். இரண்டு தடவை குறுக்கிட்டு மறுத்தான். மூன்றாம் தடவை, "அப்போ அவங்க திரும்பிப் போற வழில என்ன தின்னாங்க?" என்று கேட்டான்.

ஆசிரியர் ஒரு வருஷத்தைத் தப்பாகச் சொன்னதை வல்வனேரா கவனித்தாள். தனக்குத் தெரியாத இரண்டு விஷயம் அதில் இருந்ததையும் கவனித்து, நோட்டில் எழுதிக்கொண்டாள். அன்று யாரும் பாதியில் போகவில்லை. சங்கமும் நேரத்தைப் பிடுங்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, புண் சுத்தமாக ஆறியிருக்கிறது என்றார். குரல் முன்னைவிட மெல்லிசு, ஆனால் கரகரப்பு இல்லை. இப்போதெல்லாம் அவள் மதிலடியில் முற்றுகையைப் பாதி சொல்லி நிறுத்திவிடுகிறாள். "நவார்ராக்காரங்க யாராவது வந்திருக்கீங்களா?" என்று கேட்கிறாள். இருந்தால் குடை அவர்கள் கைக்குப் போகும். இல்லாவிட்டால் மறுபாதியையும் அவளே சொல்கிறாள், குறை வைக்காமல்.

எலாதியோவுக்கு இது இன்னும் பிடிக்கவில்லை.

"எதிரிப் படைக்கு இவ்ளோ நல்லாப் பேசறீங்களே அக்கா," என்கிறான், அடுத்த சட்டிக் காளானைப் புரட்டிக்கொண்டே. "நம்ம பக்கத்தையும் கொஞ்சம் தூக்கிச் சொன்னா என்னவாம்?"

"அதத்தான் நீ சொல்றியே," என்கிறாள் வல்வனேரா. "நான் எதுக்கு என் தொண்டையக் கெடுத்துக்கணும்?"