வாய்தாவுக்கு முன்னாடி கொஞ்சம் டென்னிஸ்

இன்னைக்கு பாபநாசம் கோர்ட் வராண்டா. வயல் கேஸ்ல என் எதிர்க்கட்சியான பெரியப்பா மகன், பக்கத்து பெஞ்சுல போன்ல டென்னிஸ் பார்த்துக்கிட்டிருந்தார்.

திடீர்னு பேசினார்.

"நாம டிவியில பார்த்தப்பல்லாம் சர்வ் போட்ட கையோட நெட்டுக்கு ஓடி வந்து நாலே அடியில முடிச்சிடுவானுங்க. இப்ப ரெண்டு பேரும் பின்னாடியே நிக்கிறானுங்க தம்பி. எதிராளி தப்பு பண்ணட்டும்னு பந்தைத் திருப்பித் திருப்பி அனுப்புறானுங்க."

எட்டு வருஷம் கழிச்சு என்கிட்ட பேசுறார். எனக்குக் கோவம், சந்தோஷம் எதுவும் வரல. "ஆமாண்ணே"ன்னேன்.

கேஸைக் கூப்பிட்டாங்க. அவர் வக்கீல் வாய்தா கேட்டார். என் வக்கீலும் சரின்னுட்டார்.

ஒரே பஸ்ஸுலதான் ஊருக்கு வந்தோம். அவர் முன் சீட்டு, நான் கடைசி சீட்டு.

உங்க பங்காளிங்க யாராவது நெட்டு வரைக்கும் வந்திருக்காங்களா? சும்மா கேக்குறேன்.